பரண் விட்டம் தூணில் உட்கார வேண்டும், தொங்கக் கூடாது!

"18 அடி நீளம், 10 அடி அகலத்தில் பரண் போட்டு 15 தாய் ஆடுகள் வளர்க்கிறேன். போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. தீவனத்தொட்டி இருக்கும் பக்கத்தில், ஒரு தூணிலிருந்து விட்டம் விலகி ஓர் அங்குலத்துக்கு மேல் கீழே இறங்கிவிட்டது. ஆணிகள் வளைந்து நிற்பது தெரிகிறது. ஆசாரியைக் கேட்டால், 'இன்னும் நாலு ஆணி சேர்த்து அடித்தால் போதும்' என்கிறார். ஆறு ஆடுகள் சினையாக இருக்கின்றன. ஆணி அடித்தால் போதுமா, மொத்தமாகப் பிரித்துக் கட்ட வேண்டுமா?"

- கள்ளக்குறிச்சி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்.

ஆணி போதாது. மொத்தமாகப் பிரிக்கவும் தேவையில்லை. ஆனால், இதைப் படித்ததும் முதல் வேலையாக ஆடுகளைப் பரணிலிருந்து கீழே இறக்கிவிடுங்கள். காய்ந்த மணலும் வைக்கோலும் பரப்பி, நாலைந்து நாள் தரையில் கட்டினால் ஒன்றும் கெட்டுவிடாது. நாலடி உயரத்திலிருந்து பலகையோடு சேர்ந்து சினை ஆடு விழுந்தால் கால் ஒடியும். ஒடியாவிட்டாலும் குட்டி வீசிவிடும். ஆறு ஆடுகள் என்றால் ஒரு வருஷ வருமானமே அதில்தான் இருக்கிறது. பரணுக்குக் கீழே புழுக்கை அள்ளுவதற்கு வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் குனிந்து போவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். சரிசெய்யும்வரை யாரும் அடியில் போகக் கூடாது.

ஆணி ஏன் போதாது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் அளவுப் பரணுக்கு வழக்கமாக மூன்று வரிசை விட்டம், வரிசைக்கு நாலு தூண், மொத்தம் 12 தூண் வரும். தூணுக்குத் தூண் 6 அடி, விட்டத்துக்கு விட்டம் 5 அடி. அப்படியென்றால் நடு வரிசையில் இருக்கும் உள்தூண் ஒவ்வொன்றும் 30 சதுர அடித் தளத்தைத் தாங்குகிறது. ஓர் ஆட்டுக்கு 12 சதுர அடி என்று கணக்குப் பண்ணித்தான் பரண் போடுகிறோம். ஆனால், ஆடுகள் நம் கணக்குப்படி நிற்பதில்லை. தழைக்கட்டைப் பார்த்ததும் எல்லாம் ஒரே பக்கம் ஓடி நெருக்கியடித்து நிற்கும். அப்போது ஓர் ஆட்டுக்கு 4 சதுர அடிதான். 30 சதுர அடியில் ஏழு ஆடுகள் நின்றுவிடும். ஆடு ஒன்று 35 கிலோ என்றால் 245 கிலோ. தளப் பலகை, சட்டம், விட்டம் சேர்ந்து ஒரு 100 கிலோ. கூடவே தீவனம் போட ஏறும் ஆள் ஒருவர். ஆக, ஏறக்குறைய 400 கிலோ ஒரே இணைப்பில் வந்து இறங்குகிறது. ஓரத்து வரிசைத் தூணுக்குத் தளத்தின் பங்கு பாதிதான். ஆனால், தொட்டி அந்த ஓரத்தில்தான் இருக்கிறது என்பதால் அதற்கும் சுமை குறைவில்லை. அதுவும் அசையாத சுமை அல்ல. குதிக்கும், முட்டும், தள்ளும் சுமை. தூணின் பக்கவாட்டில் விட்டத்தை வைத்து நாலு ஆணி அடித்திருந்தால், அத்தனையும் அந்த நாலு கம்பியில்தான் தொங்குகிறது.

புதிதாக அடித்தபோது ஆணி பிடித்துக்கொண்டிருந்தது உண்மைதான். பச்சை மரத்தில் அடித்த ஆணியை மரம் இறுக்கிப் பிடிக்கும். ஒரு கோடை போனதும் மரம் காய்ந்து சுருங்கும், பிடி தளரும். அதன்மேல் தினமும் ஆட்டு மூத்திரம் சொட்டும். அதிலுள்ள உப்பும், அதிலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் சாதாரண இரும்பைத் தின்றுவிடும். வெளியே தெரியும் தலை நன்றாக இருக்கும். மரத்துக்குள்ளே ஆணி பென்சில் முனைபோல மெலிந்திருக்கும். அந்த இடத்தில் இன்னும் நாலு ஆணி அடித்தால் ஏற்கெனவே வெடித்த மரம் இன்னும் வெடிக்கும். அதற்குமேல் பலன் கிடையாது.

நம் ஊர்ப் பந்தல்காலைப் பாருங்கள். கவையுள்ள கொம்பாகத் தேடி வெட்டி வந்து நடுவார்கள். கவையில் குறுக்குமரம் உட்காரும். கயிறு கட்டுவது, மரம் நகராமல் இருப்பதற்கு மட்டும். சுமை முழுவதும் கவையிலிருந்து காலுக்கும், காலிலிருந்து மண்ணுக்கும் இறங்கிவிடும். கயிறு இற்றுப்போனாலும் பந்தல் உடனே விழாது. பரணுக்கும் இதேதான். விட்டம் மரத்தின்மேல் உட்கார வேண்டும். போல்ட்டும் பட்டையும் அதை நகரவிடாமல் பிடித்திருக்க வேண்டும். போல்ட்டை எடுத்துவிட்டாலும் விட்டம் அங்கேயே நிற்குமா என்று கேட்டுப் பாருங்கள். நிற்கும் என்றால் இணைப்பு சரி.

அரசுத் திட்டங்களில் கொட்டகைக்கு மதிப்பீடு போடும்போது தூண் எத்தனை, தகரம் எத்தனை, பலகை எத்தனை சதுர அடி என்று எல்லாம் எழுதுகிறார்கள். விட்டம் தூணில் எப்படிச் சேர வேண்டும் என்று ஒரு வரி எழுதியதை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் பரண் சாய்வதென்றால் பெரும்பாலும் அந்த இணைப்பில்தான் ஆரம்பிக்கிறது.

விட்டத்தை உட்கார வைக்க மூன்று வழிகள் உண்டு. புதிதாகப் பரண் போடுகிறவர்களுக்கு முதல் வழிதான் நல்லது. தூணைத் தள மட்டத்துக்குக் கீழேயே மட்டமாக அறுத்து, அதன் தலைமேல் விட்டத்தை ஏற்றிவிடுவது. பரணுக்குத் தனித்தூண், கூரைக்குத் தனித்தூண் என்று பிரித்துவிட்டால் இது சுலபம். இதில் ஒரு சிக்கல், இரண்டு விட்டங்கள் ஒட்டும் இடம். ஒட்டு எப்போதும் தூணின் தலையில்தான் வர வேண்டும். இரண்டு தூண்களுக்கு நடுவில் வரவே கூடாது. ஆனால், 5 அங்குலத் தூணில் இரண்டு விட்டங்கள் வந்து சேர்ந்தால் ஆளுக்கு இரண்டரை அங்குலம்தான் இடம் கிடைக்கும். அது போதாது. கோயில் மண்டபங்களில் கல்தூணின் தலையில் இரண்டு பக்கமும் கை நீட்டியதுபோல ஒரு கல் இருக்கும், போதிகை என்பார்கள். உத்தரக்கல் உட்கார இடத்தை அகலமாக்குவதற்காக அப்படி வைத்தார்கள். அதையே மரத்தில் செய்யுங்கள். ஒன்றரை அடி, இரண்டு அடி நீளக் கட்டையைத் தூணின் தலையில் வைத்து, அதன்மேல் இரண்டு விட்டங்களையும் உட்கார வையுங்கள். விட்டம், கட்டை, தூண் மூன்றையும் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்துப் பிடித்துவிட்டால் அசையாது.

இரண்டாவது வழி, தூணில் காடி எடுப்பது. தூண் தளத்துக்கு மேலே போய்க் கூரையையும் தாங்குவதாக இருந்தால் இதுதான் வழி. விட்டத்தின் உயரத்துக்குத் தூணின் ஒரு பக்கத்தைச் செதுக்கி, அந்தப் படியில் விட்டத்தை உட்கார வைக்க வேண்டும். தூணின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். 6 அங்குலத் தூணில் 2 அங்குலப் படி. 3 அங்குல விட்டத்தில் 1 அங்குலம் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை; விட்டம் முழுக்க உள்ளே போக வேண்டும் என்று அழகு பார்த்துத் தூணைப் பாதியாக்கிவிட வேண்டாம். கையளவு கனமுள்ள சவுக்குக் கம்பில் காடி எடுக்கவே கூடாது. அது சாரத்துக்கு ஆகும். 400 கிலோ தாங்கும் தூணுக்கு ஆகாது.

மூன்றாவது வழிதான் கடிதம் எழுதிய வாசகருக்கானது. ஏற்கெனவே பக்கவாட்டில் அடித்துவிட்ட விட்டத்துக்கு அடியில், தூணை ஒட்டி ஒரு துணைக்கால் கொடுப்பது. விட்டத்தின் அடிப்பக்கத்திலிருந்து கீழே அஸ்திவாரக் கல்வரைக்கும் ஒரே துண்டாக அது இறங்க வேண்டும். நான்கு அங்குலக் கனமுள்ள சீமைக்கருவேல் கட்டை இதற்கு அருமையாகப் பொருந்தும். கோணல் மரம் என்று அதை அடுப்புக்குத்தான் போடுகிறோம். நாலடித் துண்டு நேராகத் தேடினால் கிடைக்கும். உறுதியான மரம், காய்ந்தபின் சுருக்கமும் குறைவு. துணைக்காலைத் தூணோடு மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு போல்ட் போட்டு இறுக்கிவிட்டால் இரண்டும் ஒரே காலாக நிற்கும்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் தூணின் அடியைச் சோதியுங்கள். மண்மட்டத்தில், ஒரு சாண் மேலும் கீழும் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். அரை அங்குலம் உள்ளே போனால் தூணே இற்றுவிட்டது. துணைக்கால் கொடுத்துப் பயனில்லை, தூணை மாற்ற வேண்டும். தூண் நன்றாக இருந்தால், பக்கத்தில் ஓர் அடி தள்ளி, பரணின் கீழே மண்ணைக் கெட்டித்து, ஓர் அடிச் சதுரப் பலகையோ பட்டைக் கல்லோ போடுங்கள். புழுக்கை ஊறிய மண் மெத்தென்று இருக்கும். வெறும் மண்ணில் ஜாக்கி வைத்தால் ஜாக்கிதான் கீழே போகும். அதன்மேல் லாரி ஜாக்கியும் முட்டுக்கட்டையும் வைத்து விட்டத்தைத் தூக்குங்கள். ஒரேயடியாகத் தூக்காதீர்கள். இரண்டு நூல் தூக்கி, கொஞ்சம் நிறுத்தி, அடுத்த தூண்களில் எங்காவது நெறிகிறதா என்று காதுகொடுத்துக் கேட்டு, பிறகு இரண்டு நூல். ஜாக்கி சறுக்கினால் தாங்கிக்கொள்ள இன்னொரு முட்டும் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடாதீர்கள்.

மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதும். மட்டத்துக்கு மேல் ஒன்றிரண்டு நூல் அதிகமாகத் தூக்கி, துணைக்காலை நிறுத்தி, ஜாக்கியை மெதுவாக இறக்கினால் விட்டம் கச்சிதமாக அதன்மேல் உட்கார்ந்துவிடும். இடைவெளி விட்டு, அதில் மரச்சில்லைச் சொருகிச் சமாளிக்கக் கூடாது. சில்லு ஒரு மாதத்தில் நசுங்கி விழுந்துவிடும். பழைய ஆணிகளைப் பிடுங்கி எடுத்துவிட்டு, கடைசியாக போல்ட் போடுங்கள்.

போல்ட் விஷயத்தில் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். 12 எம்.எம் கனம், விட்டத்தையும் தூணையும் ஊடுருவி மறுபக்கம் வரும் நீளம், துத்தநாகப் பூச்சுள்ளது. இணைப்புக்கு இரண்டு. 13 எம்.எம் டிரில்லால் துளை போட்டால் சரியாக இருக்கும். சம்மட்டியால் அடித்து இறக்கும் அளவுக்கு இறுக்கமாக இருந்தால் மரம் வெடிக்கும். தலைப்பக்கமும் நட்டுப் பக்கமும் அகலமான வாஷர் கட்டாயம். வாஷர் இல்லையென்றால் நட்டு மரத்துக்குள் புதைந்துகொண்டே போகும். இறுகுவதுபோலத் தெரியும், இறுகாது.

இரண்டு போல்ட்டையும் எங்கே போடுவது? பலர் ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்கோட்டில் போடுகிறார்கள். தூணின் நார் மேலிருந்து கீழாக ஓடுவதால், ஒரே நாரில் இரண்டு துளை விழுந்து தூண் அந்தக் கோட்டில் பிளக்கும். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் விட்டத்துக்கு அதே கதி, ஏனென்றால் விட்டத்தின் நார் படுக்கையாக ஓடுகிறது. அதனால் ஒன்றை இடது மேலும், மற்றதை வலது கீழுமாகச் சாய்வில் போடுங்கள். விட்டத்தின் நுனியிலிருந்து துளை 4 அங்குலமாவது உள்ளே இருக்கட்டும். மேல் கீழ் விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம். 12 தூணுக்கு 24 போல்ட். ஒரு கிடாக்குட்டியின் விலையில் பாதிகூட ஆகாது.

போல்ட் போட்டதோடு வேலை முடியவில்லை. மூன்று மாதம் கழித்து ஸ்பேனரோடு ஒரு சுற்று வாருங்கள். ஒரு கோடை முடிந்ததும் இன்னொரு சுற்று. மரம் சுருங்கியிருக்கும், நட்டு அரைச் சுற்று, ஒரு சுற்று போகும். பிறகு வருஷத்துக்கு ஒருமுறை மழைக்கு முன்னால் பார்த்தால் போதும்.

இன்னொன்று, பெரும்பாலான பரண்களில் இல்லாதது: சாய்வு முட்டு. இணைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், 15 ஆடுகள் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் ஓடும்போது பரண் முழுவதும் அந்தப் பக்கம் ஒருமுறை ஆடும். தூண்கள் உயரமாக இருந்தால் ஆட்டம் அதிகம். அந்த ஆட்டத்தில்தான் இணைப்பு தளரும். தூணில், விட்டத்துக்கு இரண்டடி கீழே ஆரம்பித்து, விட்டத்தில் இரண்டடி தள்ளி முடியும்படி சாய்வாக ஒரு சட்டம் கொடுத்து இரண்டு முனையிலும் போல்ட் போடுங்கள். எல்லாத் தூணுக்கும் இல்லாவிட்டாலும் நான்கு மூலைத் தூண்களுக்கு, நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று கொடுத்துவிடுங்கள். பரணைக் கையால் தள்ளிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

மூத்திரம் இணைப்பில் சொட்டாமல் இருக்க ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. விட்டத்தைவிட ஓர் அங்குலம் அகலமான தகரப் பட்டையை விட்டத்தின் முதுகில் போட்டு, இரண்டு ஓரத்தையும் லேசாகக் கீழே மடித்துவிட்டு, அதன்மேல் குறுக்குச் சட்டங்களை வைப்பது. ஈரம் மரத்தில் தேங்காமல் வழிந்து விழுந்துவிடும். ஏற்கெனவே போட்ட பரணில் இதைச் செய்ய முடியாது. புதிதாகப் போடுகிறவர்கள் செய்யுங்கள். தளப் பலகைகளுக்கு இடையே அரை அங்குலம், அதாவது நாலு நூல் இடைவெளி விட்டால் புழுக்கை விழுந்துவிடும், குட்டியின் கால் சிக்காது.

"எங்கள் ஊரில் மரத்தைவிடக் கருங்கல் தூண் மலிவு. கல்தூணில் விட்டத்தை எப்படிப் பொருத்துவது? இரும்பு பைப்பில் செய்தால் வெல்டிங் மட்டும் போதுமா?"

- கிருஷ்ணகிரி மாவட்ட வாசகி ஒருவர்.

கல்தூண் கிடைத்தால் தாராளமாகப் போடுங்கள், சகோதரி. கறையானும் இல்லை, இற்றுப்போவதும் இல்லை. வேலிக்கு நடும் மெல்லிய கல் ஆகாது. 6 அங்குலத்துக்கு 6 அங்குலமாவது இருக்கட்டும். கல்தூணின் தலையில்தான் விட்டம் உட்கார வேண்டும்; பக்கவாட்டில் பொருத்தும் யோசனையே வேண்டாம். கல் உடைப்பவரிடம் சொன்னால் தலையில் ஒரு வாய்க்கால்போலப் பள்ளம் எடுத்துத் தருவார். அதில் விட்டம் புரளாமல் உட்காரும். பிறகு, கால் அங்குலக் கன இரும்புப் பட்டையை 'ப' வடிவில் வளைத்து, விட்டத்தின் முதுகின்மேல் கவிழ்த்து, இரண்டு கையும் தூணின் இரண்டு பக்கமும் ஓர் அடி இறங்கும்படி செய்து, தூணில் ஊடுருவத் துளை போட்டு போல்ட்டால் பிடிக்க வேண்டும். துளை தலையிலிருந்து 6 அங்குலமாவது கீழே இருக்கட்டும். விளிம்பில் போட்டால் கல் தெறிக்கும். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே பழைய டயர் டியூபில் ஒரு துண்டு வெட்டி வைத்தால், கல்லில் இருக்கும் ஈரம் மரத்துக்கு ஏறாது.

அந்தப் பட்டை எதற்கு, கனமே விட்டத்தை அழுத்திக்கொண்டிருக்காதா என்று நினைக்கலாம். சாதாரண நாளில் அழுத்தும். புயல் நாளில் காற்று கூரைக்கு அடியில் புகுந்து மேலே தூக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து டெல்டாவைப் புரட்டிப்போட்டது நினைவிருக்கும். கிருஷ்ணகிரிக்குப் புயல் அப்படி வராது என்றாலும், சித்திரையில் கோடைமழைக்கு முன்னால் அடிக்கும் சூறைக்காற்றே தகரத்தைப் பறக்கவிடும். கூரையும் பரணும் ஒரே சட்டகமாக இருந்தால், தூக்கும் விசை கூரையிலிருந்து விட்டத்துக்கும் வரும். உட்கார வைப்பது கீழே போகாமல் இருக்க. பட்டை மேலே போகாமல் இருக்க. இரண்டும் வேண்டும்.

வார்ப்பு சிமென்ட் தூண் வாங்குவதாக இருந்தால், வார்க்கும்போதே தலையில் போல்ட்டோ பட்டையோ புதைத்துத் தரச் சொல்லுங்கள். பிறகு டிரில் போட்டால் உள்ளே இருக்கும் கம்பியில் இடிக்கும். கம்பி திறந்துகொண்டால் துருப்பிடித்துத் தூணையே வெடிக்க வைக்கும்.

இரும்பு பைப்புக்கும் அதே முறைதான். விட்டத்தைத் தூணின் பக்கத்தில் ஒட்டவைத்து வெல்டிங் வைத்தால், சுமை முழுவதும் அந்த வெல்டிங் கோட்டில் தொங்கும். மெல்லிய பைப்பில் வெல்டிங் சூடு பட்ட இடம் பலவீனமாகிவிடும். தூணின் தலையில் கால் அங்குலத் தகடு ஒன்றை வைத்து, அதன்மேல் விட்டத்தை ஏற்றுங்கள். அல்லது தூணின் பக்கத்தில் ஆங்கிள் துண்டு ஒன்றை மேடைபோல வெல்டிங் வைத்து, அதன்மேல் விட்டத்தை உட்கார வைத்து போல்ட் போடுங்கள். ஜி.ஐ பைப்பில் வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும். கசடைத் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஜிங்க் பிரைமர் இரண்டு கை அடித்துவிடுங்கள். துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். பைப்பின் திறந்த வாயை அடைக்கவும் மறக்க வேண்டாம். மழைநீர் உள்ளே இறங்கி, வெளியே தெரியாமலேயே அடியைத் தின்றுவிடும்.

மரமோ இரும்போ, தூணின் காலை நேராக மண்ணில் புதைப்பதைவிட, தரைக்கு மேல் ஓர் அடி உயரச் சிமென்ட் பீடம் கட்டி, அதில் புதைத்த இரும்புப் பட்டையில் தூணை போல்ட் போட்டு நிறுத்துவது நல்லது. காற்றும் ஈரமும் சேர்ந்து வேலை செய்யும் மண்மட்டத்தில்தான் எந்தத் தூணும் முதலில் இறும். தளம் ஆறடிக்கு மேல் உயரமாகவோ, 50 ஆடுகளுக்கு மேல் வளர்ப்பதாகவோ இருந்தால், நான் சொன்ன அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வட்டாரத்து வேளாண்மைப் பொறியியல் துறை உதவிப் பொறியாளரிடம் வரைபடத்தைக் காட்டிக் கேளுங்கள். நான் படித்தது வேளாண்மை, கட்டடம் அல்ல.

"பனஞ்சட்டம் விட்டத்துக்கு ஆகுமா? கறையானுக்கு, டிராக்டரில் வடித்த பழைய ஆயிலைப் பூசலாமா?"

- ராமநாதபுரம் மாவட்ட வாசகர்.

முற்றிய பனையின் வைரம் விட்டத்துக்கு நன்றாகவே ஆகும். வெளிப்பக்கம்தான் வைரம், உள்ளே சோறு. போல்ட்டும் வாஷரும் வைரப் பகுதியில் அழுந்தும்படி பாருங்கள். பச்சைப் பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். பழைய ஓட்டு வீடு பிரிக்கும் இடங்களில் நன்றாகக் காய்ந்த பனங்கைகள் கிடைக்கும், அதைத் தேடுங்கள்.

பழைய ஆயில் வேண்டாம். ஆடு நக்காத மரம் கிடையாது. கடிக்காத சட்டமும் கிடையாது. ஆயிலில் இருக்கும் உலோகக் கசடு அதன் வயிற்றுக்குள் போகும். பழைய ரயில் கட்டை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி ஆட்டுக்கு எட்டும் இடத்தில் போடுவதும் இதே காரணத்தால் தப்பு. கறையான் ஏறுவது மண்ணிலிருந்துதான். சிமென்ட் பீடம் ஓர் அடி உயர்ந்திருந்தால், அதன்மேல் கறையான் கட்டிக்கொண்டு வரும் மண்கோடு கண்ணுக்குத் தெரியும். புழுக்கை அள்ளும்போது துடைப்பத்தால் அதைத் தட்டிவிடுங்கள்.